தாளை நேராக வையுங்கள்

முஹரக் முதல் சித்ரா வரை
இருநூற்றுப் பதினான்கு மூலைகளில்
பதினொரு வருடம்
ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தவள் நான்.

"தாளை நேராக வையுங்கள்.
மடிப்பை நீவிவிடுங்கள்."

குதைபியாவில் தையல் கடைக்கு மேலே ஆபீஸ்.
துணி அலமாரிக்குள் என்னை நிற்கவைத்து,
இரண்டு போர்வைகளைத் தொங்கவிட்டு,
இரைச்சல் விழும் என்று ஏசியை நிறுத்திப்
பதிவு செய்தார் ஆவுடையப்பன்.
ஆகஸ்ட் மாதம்.
ஒவ்வொரு வாக்கியத்துக்கும் வெளியே வந்து மூச்சு வாங்கினேன்.
"கெஞ்சாதே எமல்டா, அதட்டவும் செய்யாதே.
பந்தியில் இடம் காட்டுவார்களே,
அப்படிச் சொல்."
கணக்கெழுத வந்தவளுக்குக்
குரலுக்கென்று தனியாக நாற்பது தினார்.
வவுச்சரை நானே எழுதினேன்:
இதர செலவு.

அரபிகளின் வாயில் அவர் பெயர் நுழையவில்லை.
மிஸ்டர் ஆடி என்றார்கள்.
மிஸ்டர் ஆடி ஓட்டியது
ஒரு கதவு மட்டும் வேறு நிறத்தில் இருந்த கரோலா.
கவுண்டரில் ஆள் இருக்கும்போது பெட்டி எதற்கு என்று
மூன்று முறை கேட்டது வங்கி.
நான்காம் முறை அவர் வேறு வங்கிக்குப் போனார்.

முதல் மெஷின் சல்மாபாத் லேபர் கேம்ப் வாசலில்.
கப்பலில் வந்தது.
மொடமொடக்கும் புதுத் தாள்களில் பரீட்சை எழுதித் தேறியது.
அங்கே நீண்ட தாள்கள் வேறு சாதி:
சாக்ஸுக்குள் நாலாக மடிந்தவை,
ஹெல்மெட்டுக்குள் உப்புப் பூத்தவை.
வாயில் வைத்துப் பார்த்துத் துப்பியது.
திருப்பி வைத்தால் திருப்பித் துப்பியது.
பேராவூரணிக் கொத்தனார் ஒருவர்
அதன் கன்னத்தில் தட்டி,
"பெரிய இடத்துப் பிள்ளை போல" என்றார்.
வரிசை சிரித்தது. ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

அன்றிரவே பெட்டகத்துப் புதுத் தாள்களைக் கொடுத்துக்
கேம்ப்பின் நனைந்த தாள்களை மாற்றி வந்தார்.
முந்நூற்றுப் பத்து, எல்லாம் ஒற்றைச் சிவப்பு.
ஆபீஸ் முழுக்க வேர்வை வாடை.
ஐந்து வாரம்
ஒரு தாள், ஒரு திருகு, மறுபடி அதே தாள்.
ஆறாம் வாரம் விழுங்கியது.
விழுங்கிவிட்டு
என் குரலில் நன்றி சொன்னது.

பிறகு நடந்தது பேப்பரில் வந்தது.
விருது, தோஹா கிளை, கோட்டு போட்ட படம்.

பேப்பரில் வராதது ஒன்று:
சுயசேவை என்று நெற்றியில் எழுதிய
ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ஓர் ஆள் நின்றார்.
யாரும் நியமிக்காதவர்,
எழுத்துக்கூட்டத் தெரிந்தவர்.
கரண்ட் பில்லுக்கு நூறு ஃபில்ஸ்,
ரீசார்ஜுக்கு ஒரு டீ.
துரத்துங்கள் என்றார்கள் பங்குதாரர்கள்.
ஆவுடையப்பன் அவர்களுக்கு ஸ்டூல் வாங்கினார்.
இருநூற்றுப் பதினான்கு ஸ்டூல்.
அந்தக் கூட்டத்தில்தான்
அவர் நாற்காலி ஆடத் தொடங்கியது என்று நினைக்கிறேன்.
ஸ்டூலுக்கும் நான்தான் வவுச்சர் எழுதினேன்:
மெஷின் உதிரி பாகம்.

கம்பெனி கைமாறிய வருடம்
எல்லார் பையிலும் போன் பணமாகியிருந்தது.
மிச்சமிருந்த பெட்டிகளுக்குக் கம்ப்யூட்டர் குரல் போட்டார்கள்.
அவர் ஒரு நாள் போன் செய்தார்.
நலம்கூட விசாரிக்கவில்லை.
"புதுக் குரல் அதட்டுகிறது, கேட்டாயா?"

போன வாரம் ஹித்தில்
ஒரு கோல்ட் ஸ்டோர் வாசலில் பழைய பெட்டி ஒன்று.
யாரோ மாற்ற மறந்தது.
பக்கத்தில் ஸ்டூல்,
ஸ்டூலில் ஓர் ஆள், காதில் பீடி.
தமிழை அழுத்தினேன்.
இருபத்தெட்டு வயதில் நான்
தாளை நேராக வைக்கச் சொன்னேன்.
வைத்தேன். துப்பியது.

நிமிராமலே அவர் சொன்னார்:
"அந்தப் பொம்பள சொல்றதக் கேக்காதீங்கக்கா.
தலைகீழா வையுங்க, எடுத்துக்கும்."

எடுத்துக்கொண்டது.